சமையலறை மேசையில் தொடங்கிய பாட்டு: ஷேன் மெக்கவன் நினைவாக



2023ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரம். நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு இசைக்கல்வி வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். ரெக்கார்டர் எனும் நெகிழிக் குழலில் ஐந்து சுரங்களைப் பிசிறின்றி ஊதச் செய்வதே அன்றைய இலக்கு. பின்வரிசையில் இருந்த ஒரு மாணவன் குழலைக் கீழே வைத்துவிட்டு மேசையைத் தட்டத் தொடங்கினான். சாதாரணத் தட்டல் அன்று அது. உறுமி மேளத்தின் நடை. இரண்டு விரல்களால் மேசை விளிம்பைத் தேய்த்து, அந்த உறுமலைக்கூட ஓரளவு கொண்டுவந்திருந்தான். வகுப்பே அவன் பக்கம் திரும்பியது.

“எங்கே கற்றாய்?” என்று வினவியிருக்கலாம். நான் வினவவில்லை. “இது பள்ளிக்கூடம், சாவு வீடு இல்லை” என்றேன். மாணவர்கள் சிரித்தனர். அவன் மட்டும் சிரிக்கவில்லை. “தாத்தா சொல்லிக் குடுத்தது ஐயா,” என்று மெல்லச் சொல்லிவிட்டுக் குழலைக் கையில் எடுத்துக்கொண்டான்.

அதே வாரம் வெள்ளிக்கிழமை நள்ளிரவை ஒட்டி, அயர்லாந்து நாட்டின் சிற்றூர் ஒன்றில் நடந்த இறுதிச் சடங்கை இணையத்தில் கண்டுகொண்டிருந்தேன். இறந்தவர் ஷேன் மெக்கவன். ‘தி போக்ஸ்’ எனும் இசைக்குழுவின் பாடகர், பாடலாசிரியர். தம் நாட்டு நாட்டுப்புறப் பாடலையும் ‘பங்க்’ எனும் முரட்டு இசையையும் ஒன்றாகக் கலந்தவர். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நான் பயின்ற காலத்தில், இசை விரிவுரையாளர் ஒருவர் நாட்டுப்புற இசை பற்றிய பாடத்தின் இடையே இக்குழுவின் பாடல் ஒன்றை ஒலிநாடாவில் போட்டுக் காட்டினார். வகுப்பில் பாதிப் பேர் காதைப் பொத்திக்கொண்டோம். அன்று முதல் அக்குரல் என்னை விடவில்லை.

அந்த இறுதிச் சடங்கைப் பார்த்த இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை. அதற்கான காரணத்தை விளங்கிக்கொள்ள முற்பட்டதன் விளைவே இக்கட்டுரை.

ஷேன் மெக்கவன் 1957ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள், கிறிஸ்துமஸ் அன்று, இங்கிலாந்தின் கெண்ட் மாநிலத்தில் உள்ள பெம்பரி எனும் ஊரில் பிறந்தார். பெற்றோர் இருவரும் ஐரிஷ்காரர்கள். தந்தை டப்ளின் நகரத்தவர். தாயார் டிப்பரேரி மாவட்டத்துக் கிராமத்துப் பெண். பிழைப்பு நாடி இங்கிலாந்துக்கு வந்தவர்கள். அவர்கள் மட்டும் அல்லர். 1950களின் பத்தாண்டுகளில் ஏறத்தாழ 4 இலட்சம் பேர் அயர்லாந்தை விட்டு வெளியேறினர் என்பது வரலாறு. அந்நாட்டின் மொத்த மக்கள் தொகையே அப்போது 30 இலட்சத்தைத் தாண்டவில்லை. அதற்கு நூறாண்டுகளுக்கு முன்பு, 1845 முதல் 1852 வரை, உருளைக்கிழங்குப் பயிரைத் தாக்கிய நோயால் வந்த பெரும் பஞ்சத்தில் சுமார் 10 இலட்சம் பேர் மாண்டனர். அதைவிடவும் அதிகமானோர் கப்பலேறினர். ஆகவே, ஊரைவிட்டுப் போவது என்பது அம்மக்களின் பாட்டில் நிலைத்துவிட்ட ஒரு பொருள். வழியனுப்புதல், துறைமுகம், திரும்பி வராத மகன், கடிதம் வராத வீடு. நம் பாட்டிமார் பாடிய கப்பல் பாட்டுகளைக் கேட்டவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

டிப்பரேரியில், நீனா எனும் சிறுநகருக்கு அருகே கார்னி என்ற ஊரில் தாய்வழிக் குடும்பத்தின் பழைய பண்ணை வீடு இருந்தது. ஷேனின் இளமைக்காலத்தின் இனிய பகுதி அங்குக் கழிந்தது. மாலையானால் அக்கம்பக்கத்தார் கூடுவார்கள். ஒருவர் பிடில் வாசிப்பார், ஒருவர் அக்கார்டியன், எவரும் பாடலாம், எவரும் ஆடலாம். மூன்று வயதில் தம்மைச் சமையலறை மேசைமீது ஏற்றிப் பாடச் செய்தார்கள் என்று ஷேன் பிற்காலத்தில் நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். அதுவே அவர்தம் முதல் அரங்கேற்றம். அவ்வீட்டுப் பெரியவர்கள் அவருக்குப் பாட்டோடு வேறொன்றையும் கற்றுக்கொடுத்தார்கள். ஐந்து ஆறு வயதிலேயே கருநிற பீரைக் கொடுத்துப் பழக்கினார்களாம். இதையும் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தோட்டப்புறத்தில் திருவிழா நாளில் கள்ளுக் கிண்ணத்தின் அடியில் மிஞ்சியதைப் பேரனுக்குக் கொடுத்து வேடிக்கை பார்த்த பெரியவர்களை நானும் கண்டிருக்கிறேன்.

இங்கிலாந்தில் அவர் படிப்பில் சுட்டி. குறிப்பாக இலக்கியத்திலும் கட்டுரை எழுதுவதிலும் வயதுக்கு மீறிய ஆற்றல் இருந்தது. 1971ஆம் ஆண்டு, உதவிச் சம்பளம் பெற்று, லண்டனின் புகழ்பெற்ற வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் சேர்ந்தார். செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி அது. இரண்டாம் ஆண்டிலேயே போதைப்பொருள் வைத்திருந்ததற்காக அங்கிருந்து நீக்கப்பட்டார். பதின்ம வயதின் இறுதியில் சில மாதங்கள் மனநல மருத்துவமனையில் சிகிச்சை பெற்றார். இதைப் பற்றி நான் அதிகம் எழுத விரும்பவில்லை. ஆயினும், இலக்கியத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு சிறுவன் பதினைந்து வயதளவில் எந்தப் பள்ளியிலும் இல்லாமல் லண்டன் தெருவில் நின்றான் என்பதை ஓர் ஆசிரியனாகக் கடந்து செல்ல இயலவில்லை.

1976ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், லண்டனில் ‘தி கிளாஷ்’ என்ற இளம் குழுவின் இசைநிகழ்ச்சி நடந்தது. அக்கூட்டத்தில் காதிலிருந்து இரத்தம் வழிய நின்ற ஓர் இளைஞனின் படம் இசை வார இதழில் வெளிவந்தது. தோழி ஒருத்தியுடன் விளையாட்டாக நடந்த தள்ளுமுள்ளில் ஏற்பட்ட காயமாம் அது. இதழோ, நரமாமிசம் தின்னும் கூட்டம் என்ற தோரணையில் தலைப்பிட்டுவிட்டது. ஷேன் மெக்கவனின் முகம் பொதுமக்களுக்கு அறிமுகமானது இவ்வாறுதான், ஒரு பாடலும் எழுதுவதற்கு முன்பே!

‘பங்க்’ இசை என்றால் என்னவென்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். 1970களின் நடுவில் மேற்கத்திய ராக் இசை பெரும் கருவிகள், நீண்ட தனியாவர்த்தனங்கள், செல்வச் செழிப்பு என்று எங்கோ உயரத்தில் இருந்தது. வேலையற்ற இளைஞர்கள் அதை உடைத்தார்கள். கிதாரில் மூன்று கார்டுகள் தெரிந்தால் போதும். இரண்டு நிமிடப் பாட்டு போதும். குரல் இனிமையாக இருக்க வேண்டியதில்லை. சொல்ல வேண்டியது இருந்தால் போதும். பயிற்சி இல்லாதவனும் மேடை ஏறலாம் என்பதே அதன் உயிர்நாடி. ஷேனும் ஒரு பங்க் குழுவை அமைத்தார். அதன் முதற்பெயரை ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியன் இங்கு எழுதுவது முறையாகாது. பின்னர் அதைச் சுருக்கி ‘தி நிப்ஸ்’ என்றனர். சில இசைத்தட்டுகள் வந்தன. பெரிய வெற்றி இல்லை. 1980களின் தொடக்கத்தில் அக்குழு கலைந்தது.

இங்குச் சற்று நின்று, அன்றைய லண்டனில் ஐரிஷ்காரராக இருப்பது எப்படி இருந்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

1974 நவம்பர் 21 அன்று பர்மிங்ஹாம் நகரில் இரண்டு மதுக்கடைகளில் வெடித்த குண்டுகள் 21 பேரைக் கொன்றன. வட அயர்லாந்துப் போராட்டத்தின் தொடர்ச்சியாக இங்கிலாந்து மண்ணில் நடந்த கொடூரம் அது. சில நாள்களிலேயே பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. சந்தேகத்தின் பேரில் ஒருவரைக் குற்றம் சாட்டாமல் ஏழு நாள் வரை காவலில் வைக்கலாம். நாற்பது ஆண்டுகள் இங்கிலாந்தின் சாலைகளையும் சுரங்கப் பாதைகளையும் தோண்டிய கூலித் தொழிலாளர்கள் திடீரென்று சந்தேகத்துக்கு உரியவர்கள் ஆனார்கள். பேருந்தில் வாய் திறந்து பேசத் தயங்கினார்கள். பேச்சின் சாயலே காட்டிக்கொடுத்துவிடுமே! வீட்டில் பாடிய பழைய போராட்டப் பாடல்களைப் பலர் அடக்கிப் பாடினர். அவர்தம் பிள்ளைகளோ இங்கிலாந்தில் ஐரிஷ், அயர்லாந்தில் ஆங்கிலேயன் என்று இரண்டு பக்கமும் ஒட்டாமல் வளர்ந்தனர்.

இந்தச் சூழலில்தான் ஷேனும் அவருடைய நண்பர் ஸ்பைடர் ஸ்டேசியும், 1981 அளவில், லண்டனின் ஓர் இரவு விடுதியில் பழைய ஐரிஷ் போராட்டப் பாடல்களைப் பங்க் வேகத்தில் பாடினார்கள். கூட்டத்தில் இருந்த பிரிட்டிஷ் படைவீரர் சிலர் உருளைக்கிழங்கு வறுவலை அவர்கள்மீது வீசினர் என்பர். பஞ்சத்தின் வரலாற்றை அறிந்தவர்க்கு இந்த எறிபொருளின் வினோதம் புரியும்.

அடுத்த ஆண்டு, 1982 அக்டோபர் 4 அன்று, லண்டன் கிங்ஸ் கிராஸ் பகுதியின் மதுக்கடை ஒன்றில் புதிய குழு முதன்முதலாக மேடையேறியது. பெயர் ‘போக் மஹோன்’. ஐரிஷ் மொழியில் இதன் பொருள், மரியாதையாகச் சொல்வதானால், “என் பின்புறத்தை முத்தமிடு” என்பது. இரண்டாண்டுகள் இதன் பொருள் பலருக்குத் தெரியவில்லை. பிறகு அம்மொழியோடு உறவுடைய ஸ்காட்லாந்துக் கேலிக் மொழி அறிந்தவர்கள் வானொலி நிலையத்துக்கு முறையிட, பெயர் ‘போக்ஸ்’ என்று சுருங்கியது. முன்னோர் மொழியில் ஆளும் மொழிக்காரர்க்கு விளங்காதவாறு ஒரு வசவைப் பெயராக வைத்துக்கொண்டு, அதையே அவர்கள் வானொலியில் சொல்லச் செய்ததைக் குறும்பு என்று மட்டும் என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இக்குழுவினர் என்ன செய்தார்கள் என்பதைச் சற்று விரிவாகக் காண்போம். பலர் நினைப்பதுபோல் மின்கிதாரின் இரைச்சலில் நாட்டுப்பாடலைப் பாடவில்லை. அதற்கு நேர்மாறு. பங்க் குழுவில் கிதார் வாசித்த ஜேம்ஸ் ஃபெர்ன்லி அக்கார்டியனைக் கையில் எடுத்தார். ஜெம் ஃபைனர் பாஞ்சோ. ஸ்டேசிக்குத் தகரக் குழல். காட் ஓரியர்டன் எனும் இளம்பெண் பேஸ் கிதார். ஆண்ட்ரூ ராங்கன் உட்காராமல் நின்றபடியே இரண்டு முரசுகளை மட்டும் அடித்தார். சில பாடல்களில் ஸ்டேசி ஒரு பீர்த் தட்டைத் தம் தலையிலேயே தாளமாக அடித்துக்கொள்வார். கருவிகள் எல்லாம் பாட்டனார் காலத்தவை. வேகமும் சினமும் மட்டும் பங்க்.

தகரக் குழலைப் பற்றி ஒரு சொல். ஆறு துளைகள் மட்டுமே கொண்ட, மிக மலிவான குழல் அது. நம் மாணவர்கள் ஊதும் ரெக்கார்டருக்கு முன்புறம் ஏழு, பின்புறம் கட்டைவிரலுக்கு ஒன்று. இரண்டும் ஒரு குடும்பத்துப் பிள்ளைகளே. ஐரிஷ் நாட்டில் ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் கிட்டிய கருவி தகரக் குழல். ‘ஜிக்’ எனும் அவர்களுடைய ஆட்ட நடையை நாம் எளிதில் பிடித்துக்கொள்ளலாம். தகிட தகிட, தகிட தகிட என்று சொல்லிப் பாருங்கள். ‘ரீல்’ எனும் மற்றொன்று தகதிமி தகதிமி. இதை மூச்சுத் திணறும் வேகத்தில் ஓட்டினால், கேட்பவன் கால் தானே எழும். பங்க் இளைஞர்கள் குதித்தது அதனால்தான். மாமன்மார் கிராமத்தில் குதித்ததும் அதனால்தானே?

பாராட்டு மட்டும் வந்ததென்று எண்ண வேண்டா. 1985இல் அயர்லாந்து வானொலியில் நடந்த ஒரு விவாதத்தில், மரபிசைக் கலைஞர் நோயல் ஹில், இவர்கள் நம் இசையைச் சிதைக்கிறார்கள் என்று மிகக் கடுமையாகச் சாடினார். அவரை நான் குறைசொல்ல மாட்டேன். பாடாந்தரத்தைத் தூய்மையாகக் காத்துவருபவர்க்கு அந்தக் கோபம் வரத்தான் செய்யும். நானே அந்தப் பக்கத்தில் நின்றவன் அல்லனா? ஆனால் 1962 முதல் ஐரிஷ் நாட்டுப்பாடலை உலகெங்கும் கொண்டுசென்ற ‘தி டப்ளினர்ஸ்’ குழுவினர், தாடி நரைத்த மூத்தவர்கள், வேறு விதமாக நடந்துகொண்டனர். 1987இல் இந்த முரட்டுப் பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்தி, ‘தி ஐரிஷ் ரோவர்’ எனும் பழம்பாடலைச் சேர்ந்து பாடினர். அது அயர்லாந்தில் முதலிடத்தையும் பிரிட்டனில் எட்டாம் இடத்தையும் பிடித்தது. எங்கள் விரிவுரையாளர் அன்று ஒலிநாடாவில் போட்டுக் காட்டியது அப்பாடலே.

பழம்பாடல்களை வேகமாகப் பாடியதோடு நின்றிருந்தால் ஷேன் இன்று நினைக்கப்பட மாட்டார். அவர் புதிதாக எழுதினார். முதல் தொகுப்பு 1984இல் வந்தது. இரண்டாவது 1985இல், எல்விஸ் காஸ்டெல்லோவின் தயாரிப்பில் (அதன் பெயரையும் இங்கு எழுத முடியாது, இக்குழு ஆசிரியர்களுக்கு இடர் தருவதையே தொழிலாகக் கொண்டது போலும்!). அந்தப் பாடல்களில் வருபவர்கள் யார்? போரில் உறுப்புகள் சிதறக் கண்ட ஒரு கிழவர், மதுக்கடையில் ஓர் இளைஞனிடம் தம் கதையைச் சொல்கிறார். அவனோ தன் காதல் சோகத்தில் மூழ்கி, கேட்க மனமின்றிக் கேட்கிறான். லண்டனுக்கு வந்த பதின்ம வயதுப் பையன் தெருவில் தன்னையே விற்று அழிகிறான். ஊரைவிட்டுப் போகும் நண்பனை இரயில் நிலையம்வரை பாடிக்கொண்டே கொண்டுவிடுகிறார்கள். பழைய ஐரிஷ் பாடல்களில் புலம்பெயர்ந்தவன் கண்ணீரோடு பச்சை மலையை நினைப்பான். ஷேனின் பாடலில் அவன் வாந்தியெடுத்த சாலையில் கிடந்து அதே மலையை நினைக்கிறான். ஊர்ப்பாசத்தின் மேல் பூசிய சர்க்கரையைச் சுரண்டி எடுத்த பிறகும் பாசம் மிஞ்சியிருந்தது. இதைச் செய்யப் பங்க் இசையின் நேர்மை அவருக்குத் தேவைப்பட்டது என்பதே என் கருத்து. பாட்டியிடம் கற்ற மெட்டு மட்டும் போதாது.

1987 நவம்பரில் வந்தது ‘ஃபேரிடேல் ஆஃப் நியூயார்க்’. ஷேனும் ஜெம் ஃபைனரும் இதை இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அடித்துத் திருத்தி எழுதினார்கள். தலைப்பு, ஜே.பி. டோன்லீவி எழுதிய நாவல் ஒன்றின் பெயரிலிருந்து வந்தது. கிறிஸ்துமஸ் முதல்நாள் இரவில் நியூயார்க் காவல் நிலையத்துக் கொட்டடியில் கிடக்கும் ஒரு குடிகார ஐரிஷ்காரனின் நினைவு. இளமையில் கனவோடு வந்திறங்கிய ஓர் ஆணும் பெண்ணும். பிறகு குடி, போதை, ஏமாற்றம். ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி ஏசிக்கொள்கிறார்கள். கடைசியில் சமாதானம் ஆனார்களா என்பது பாட்டிலேயே தெளிவாகவில்லை. மெதுவான பியானோவில் தொடங்கி, திடீரென்று தகிட தகிட நடைக்குத் தாவுகிறது. பாடலில் குறிப்பிடப்படும் நியூயார்க் காவல்துறைப் பாடகர் குழு என்ற ஒன்று உண்மையில் கிடையாது. அவர்களிடம் இருந்தது பைக் குழலும் முரசும் கொண்ட வாத்தியக் குழுவே. படக்காட்சியில் அவர்களே வந்து நின்றார்கள்.

பெண்குரல் கர்ஸ்டி மெக்கால். முதலில் பாடவிருந்த காட் ஓரியர்டன் 1986இல் குழுவைவிட்டு விலகியிருந்தார். தயாரிப்பாளர் ஸ்டீவ் லில்லிவைட் தம் மனைவி கர்ஸ்டியை, வீட்டு ஒலிப்பதிவுக் கூடத்தில் மாதிரிக்காகப் பாடச் செய்தார். கேட்ட பிறகு வேறு யாரையும் தேடவில்லை. இந்தக் கர்ஸ்டி யார் தெரியுமா? பிரிட்டிஷ் நாட்டுப்பாடல் மறுமலர்ச்சியின் முன்னோடியான யூவன் மெக்காலின் மகள். அவர் எழுதிய ‘டர்ட்டி ஓல்ட் டவுன்’ பாடலைப் போக்ஸ் தம் இரண்டாம் தொகுப்பில் ஏற்கெனவே பாடியிருந்தனர். தந்தையின் பாட்டை ஒரு தொகுப்பில் பாடியவர்கள், மகளின் குரலை அடுத்த தொகுப்பில் சேர்த்துக்கொண்டனர். கர்ஸ்டி 2000 டிசம்பர் 18 அன்று மெக்சிகோ கடலில், தம் மகன்களோடு நீந்திக்கொண்டிருந்தபோது விசைப்படகு மோதி இறந்தார்.

அப்பாடல் அயர்லாந்தில் முதலிடம், பிரிட்டனில் இரண்டாமிடம். 2005 முதல் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் காலத்தில் பிரிட்டனின் முதல் இருபது பாடல்களுக்குள் திரும்பத் திரும்ப நுழைந்துள்ளது. அதில் வரும் வசைச்சொற்கள் பற்றிய சர்ச்சையும் அவ்வாறே திரும்பத் திரும்ப வந்தது. 2007இல் பிபிசி வானொலி ஒன்று அவற்றை மறைத்து ஒலிபரப்பி, மறுப்பு எழவே அன்றே பின்வாங்கியது. 2020இல் மீண்டும் திருத்திய வடிவை ஒலிபரப்பியது. அப்பெண் ஒரு பாத்திரம், அவள் நிலையில் இருப்பவள் பேசும் பேச்சு அதுவே என்பது ஷேனின் விளக்கம். மறைத்து ஒலிபரப்புவதிலும் தமக்கு மறுப்பில்லை என்றார். மாணவர்க்கு இப்பாடலை நான் போட்டுக்காட்ட மாட்டேன். ஆனால் விளக்கத்தை ஏற்கிறேன்.

அதே 1988ஆம் ஆண்டுத் தொகுப்பில் மற்றொரு பாடல் இருந்தது. பர்மிங்ஹாம் குண்டுவெடிப்புக்காக 1975இல் தண்டிக்கப்பட்ட ஆறு ஐரிஷ்காரர்கள் குற்றமற்றவர்கள் என்று வெளிப்படையாகப் பாடியது அது. முற்பகுதியை டெரி வூட்ஸ் எழுத, பிற்பகுதியை ஷேன் எழுதினார். அந்த ஆண்டிலேயே பிரிட்டனின் தனியார் ஒலிபரப்பு ஆணையம் அதைத் தடைசெய்தது. 1991 மார்ச் 14 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அறுவரையும் விடுவித்தது. பதினாறு ஆண்டுகள் சிறையில் கழிந்துவிட்டன. பாட்டு சொன்னதையே நீதிமன்றமும் சொன்னது, மூன்றாண்டுகள் தாமதமாக.

அதே 1991இல் ஷேன் தம் குழுவினராலேயே நீக்கப்பட்டார். ஜப்பான் பயணத்தின்போது அது நடந்தது. காரணம் குடி. மேடைக்கு வராமை, வந்தாலும் நிற்க முடியாமை, பாட்டை மறத்தல் என்று ஆண்டுக்கணக்கில் பொறுத்த நண்பர்கள் இறுதியில் முடிவெடுத்தனர். அவருக்குப் பதிலாகச் சில காலம் பாடியவர் ஜோ ஸ்ட்ரம்மர். 1976இல் காதில் இரத்தம் வழிய ஷேன் கண்ட அதே ‘தி கிளாஷ்’ குழுவின் பாடகர்!

இவ்விடத்தில் என் கருத்தை ஒளிக்க விரும்பவில்லை. குடித்ததனால்தான் அவர் கவி ஆனார் என்று எழுதுவோர் உளர். அதை நான் ஏற்பதில்லை. அவருடைய சிறந்த பாடல்கள் பெரும்பாலும் 1984 முதல் 1988 வரையிலான குறுகிய காலத்தில் எழுதப்பட்டவை. அப்போது அவருக்கு வயது முப்பதை ஒட்டியே. அதன்பின் ‘தி போப்ஸ்’ எனும் புதிய குழுவோடு 1994இலும் 1997இலும் தொகுப்புகள் வெளியிட்டார். அவற்றிலும் நல்ல பாடல்கள் சில உண்டு. ஆனால் எஞ்சிய கால் நூற்றாண்டில் அவர் புதிதாகப் பதிவு செய்தது மிகவும் சொற்பம். குடி அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது அது. அவர் ஹெராயின் பழக்கத்திலும் வீழ்ந்திருந்தார். ஒரு கட்டத்தில் பாடகி ஷினேட் ஓகானர், நண்பரைக் காக்க வேறு வழி காணாது காவல்துறையிடமே தெரிவித்தார். முதலில் சினந்த ஷேன், பின்னாளில் அதனால்தான் அப்பழக்கத்திலிருந்து மீண்டதாக நன்றி சொன்னார். ஆறு வயதுச் சிறுவன் கையில் பீரைக் கொடுத்ததும் அந்தச் சமையலறையே, பாட்டைக் கொடுத்ததும் அந்தச் சமையலறையே. இரண்டையும் எப்படிப் பிரிப்பது என்று எனக்கு இன்றும் தெளிவில்லை.

2001இல் பழைய குழு மீண்டும் ஒன்றுகூடி 2014 வரை மேடைகளில் பாடியது. 2015இல் டப்ளினில் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது; அதன்பின் சக்கர நாற்காலியே கதி. 2017 புத்தாண்டு நாளில் தாயார் சாலை விபத்தில் இறந்தார். 2018 ஜனவரியில், அறுபது வயது நிறைவை ஒட்டி டப்ளின் தேசிய இசையரங்கில் நடந்த விழாவில், அயர்லாந்து அதிபர் மைக்கல் டி. ஹிக்கின்ஸ் அவருக்கு வாழ்நாள் சாதனை விருதை வழங்கினார். இங்கிலாந்தில் பிறந்து, ஆங்கிலேயனின் உச்சரிப்பில் பேசிய ஒருவரை அந்நாடு தன் பிள்ளை என்று ஏற்றுக்கொண்ட நாள் அது.

2023 நவம்பர் 30 அன்று, 65ஆம் வயதில், மூளையழற்சியும் நுரையீரல் அழற்சியும் வருத்திய நீண்ட மருத்துவமனை வாசத்துக்குப் பின் அவர் மறைந்தார். டிசம்பர் 8 அன்று குதிரைகள் பூட்டிய ஊர்தியில் டப்ளின் தெருக்கள் வழியாக உடல் சென்றது. மக்கள் ஓரங்களில் நின்று பாடினர். பிறகு டிப்பரேரிக்கு, நீனா நகரத் தேவாலயத்துக்குக் கொண்டுசென்றனர். தாயின் ஊருக்கு அருகே, பாட்டு கற்ற மண்ணுக்கு.

நான் கண்டது அந்தப் பகுதியைத்தான். திருப்பலியின் இறுதியில் கிளென் ஹான்சார்டும் லிசா ஓநீலும் அந்தக் கிறிஸ்துமஸ் பாடலைத் தொடங்கினர். தகரக் குழலும் அக்கார்டியனும் சேர்ந்தன. மெதுவான பகுதி முடிந்து தகிட தகிட நடை பிறந்ததும், முன்வரிசையில் இருந்த உறவினர்கள் எழுந்து, பெட்டிக்கு அருகிலேயே கைகோத்து ஆடினார்கள். தேவாலயம் முழுவதும் கைதட்டியது. சாவு வீட்டில் ஆட்டம். சாவு வீட்டில் தாளம்.

அடுத்த வாரம் இசை வகுப்பில், மற்றவர்கள் குழலை உறையிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கையில், அந்த மாணவனின் மேசை அருகே சென்றேன். அன்று வாசித்ததை மீண்டும் ஒருமுறை வாசிக்கச் சொன்னேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“வேணாங்க ஐயா. சத்தமா இருக்கும்.”

“இருக்கட்டும். தாத்தா எங்கே வாசிப்பார்?”

“கோயில்ல. அப்புறம்…” என்று நிறுத்தினான்.

“சாவு வீட்டிலும்தானே? தெரியும். உங்கள் தாத்தாவிடம் நான் கேட்டதாகச் சொல். வாசி.”

சிறிது நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இரண்டு விரல்களை மேசை விளிம்பில் வைத்துத் தேய்த்தான்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியன்